கடைசி மூன்று கிலோமீட்டர்

திருநெல்வேலியிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கும் மேல். அந்தத் தூரத்தை ஒரே இரவில் கடந்து எழும்பூரில் இறங்கும் இளைஞர், அதன் பிறகு பல ஆண்டுகள் இரண்டே இடங்களுக்கு நடுவில் வாழ்ந்துவிடுகிறார்: வேலை பார்க்கும் இடம், படுக்கும் இடம். இறங்கிய நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய அருங்காட்சியகத்தை அவர் பார்த்திருக்க மாட்டார். அறையிலிருந்து எட்டிப் போனால் வந்துவிடும் கடற்கரைக்கு, ஊரிலிருந்து யாராவது வந்தால்தான் போவார். விடுமுறை நாள் வந்தால் ஏலகிரியா, புதுச்சேரியா, கிழக்குக் கடற்கரைச் சாலையா என்று நண்பர்களோடு பேச்சு ஓடும். பெரும்பாலும் பேச்சோடு நின்றுவிடும். மீதி நேரம் கட்டிலில் கைப்பேசியோடு கழியும். பெருநகரத்தில் தனியாக வாழ்பவருக்கு மிகச் சிறந்த விடுமுறைப் பயணம், அவர் ஏற்கெனவே வாழும் நகரத்துக்குள் செய்யும் பயணம்தான் என்பது என் வாதம். பணம் இல்லாதவருக்கான ஆறுதலாக இதைச் சொல்லவில்லை. பிழைக்க வந்த ஊர், வாழும் ஊராக மாறுவது அந்த ஒரு நாளில்தான். அதற்குக் கடக்க வேண்டிய தூரம் பெரும்பாலும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருப்பதில்லை.

இதைச் சோதித்துப் பார்க்கத் திருவல்லிக்கேணியை விடப் பொருத்தமான இடம் கிடையாது. பார்த்தசாரதி கோயிலும் 1795-இல் எழுந்த வாலாஜா பெரிய மசூதியும் இருக்கும் இந்தப் பழைய பேட்டையைச் சுற்றி அரசு அலுவலகங்கள், பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, அண்ணா சாலைக் கடைகள். வேலைக்கும் படிப்புக்கும் வந்த ஆண்கள் தங்க மேன்ஷன்கள் தோன்றியதற்கு அந்த நெருக்கமே காரணம். கணிதமேதை ராமானுஜன் 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்தபோது கொடுத்த முகவரியும் திருவல்லிக்கேணிதான். கிடைத்த சம்பளம் மாதம் 30 ரூபாய். இன்றைய மேன்ஷன் அறையில் இரண்டு மூன்று கட்டில்கள், கட்டிலுக்கடியில் பெட்டி, சுவரில் சட்டை மாட்ட ஆணி, மாடிக்குப் பொதுவாகக் குளியலறை. வெளியே வீடு பார்க்கலாம் என்றால் "ஃபேமிலிக்கு மட்டும்தான்" என்ற பதில் வாசலிலேயே காத்திருக்கும். அந்த அறையை ஒரு வீடு என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. அது வீட்டின் படுக்கையறை மட்டும். சமையலறை தெருமுனை மெஸ்ஸில் இருக்கிறது, படிப்பறை எழும்பூரில், காற்று வாங்கும் திண்ணை மெரினாவில். தனியாள் வாழும் வீடு நகரம் முழுக்க இப்படிச் சிதறிக் கிடக்கிறது. விடுமுறை நாளில்தான் அவரால் எல்லா அறைகளுக்கும் போய்வர முடியும்.

அந்த நாள் சும்மா வந்துவிடவில்லை. 1923 மே முதல் தேதி, இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களைத் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் இதே சென்னையில்தான் நடத்தினார். ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிர்க் கடற்கரையில். மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். பின்னால் 1942-இல் வாரவிடுமுறைச் சட்டமும் 1947-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும் வந்து, கடைச் சிப்பந்திக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உரிமையானது. சிங்காரவேலரின் கூட்டங்களுக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்ததால் அந்த மே தினத்திலேயே அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரிய கடைகள் 24 மணி நேரமும் இயங்கலாம் என்று 2019-இல் அனுமதி வந்ததிலிருந்து, சுழற்சி முறையில் வார ஓய்வு எடுப்போர் பெருகிவிட்டனர். செவ்வாயிலோ வெள்ளியிலோ விடுமுறை வாய்ப்பவருக்கு நகரம் வேறு முகம் காட்டும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளி விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவும் முட்டுக்காட்டு தட்சிணசித்ராவும் செவ்வாயன்று மூடியிருக்கும். சலூனும் அன்று பல இடங்களில் திறக்காது. தனியாளின் பயணத் திட்டம் வரைபடத்தில் தொடங்குவதற்கு முன்பே நாட்காட்டியில் தொடங்குகிறது.

இதற்கு முதல் மறுப்பு உடனே வரும். ஆறு நாள் நின்று கொண்டே வேலை பார்த்தவனிடம் அருங்காட்சியகம் போ என்பது என்ன நியாயம்? அவனுக்குத் தேவை தூக்கம். மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆகவே காலை ஒன்பது மணி வரை தூங்குவதையும் பயணத்தின் பகுதியாகவே கொள்ளலாம். துணி துவைத்து மொட்டைமாடிக் கொடியில் போடுவதும், முடி வெட்டிக்கொள்வதும், ஊருக்குப் பேசுவதும் கூட விடுமுறை வேலைகளே. ஆனால், பதினோரு மணிக்கு மேல் அந்த அறையில் படுத்திருப்பது ஓய்வு ஆகுமா? சித்திரை வைகாசியில் மேல்தளம் சூட்டை இறக்கும். பக்கத்துக் கட்டில்காரர் இரவு ஷிப்ட் முடித்து வந்து குறட்டை விடுவார். மின்விசிறி வெக்கைக் காற்றைச் சுற்றி அனுப்பும். உடம்பு கேட்கும் தூக்கத்தைக் கொடுத்த பிறகு மிஞ்சும் சோர்வு, ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதால் வருவது. அதைக் கட்டில் தீர்க்காது. வேலை நாளில் நம் நேரத்தை யாரோ திட்டமிடுகிறார்கள். விடுமுறை நாளையும் கைப்பேசித் திரையிடம் ஒப்படைத்தால் அதுவும் நம் கையில் இருந்ததாகச் சொல்ல முடியாது.

சாப்பாட்டிலிருந்தே தொடங்கலாம். தனியாகச் சாப்பிடுபவரைச் சங்கடப்படுத்தாத நகரங்களில் சென்னைக்கு நல்ல இடம் கொடுக்கலாம். நால்வர் அமரும் மேசையில் மூன்று பேர் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால், நான்காவது நாற்காலியைக் காட்டி "உட்காருங்க சார்" என்று சொல்லும் பழக்கம் இங்கே நடுத்தர ஓட்டல்களில் இயல்பாக இருக்கிறது. யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. சாம்பார் வாளி மட்டும் எல்லோருக்கும் பொது. 1948-இல் தொடங்கிய ரத்னா கஃபேயில் இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துக் கொடுப்பார்கள். மெஸ்களில் மதியம் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். கையில் காசு குறைந்த மாதக் கடைசிக்கு 2013-இல் வந்த அம்மா உணவகம் இருக்கிறது. அங்கே இட்லி ஒரு ரூபாய்க்குத் தொடங்கியது. தேநீர்க் கடையோ நின்று குடிப்பவரை நம்பியே நடக்கிறது. இவை எல்லாம் தனியாளுக்காகச் செய்த சலுகைகள் அல்ல. ஒரு நூற்றாண்டாகத் தனியாட்கள் வந்து குவிந்ததால் நகரம் தன் பழக்கத்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. பயணி முதலில் கவனிக்க வேண்டியது இதை: இந்த ஊர் உங்களை எதிர்பார்த்தே அமைந்திருக்கிறது.

வெயில் ஏறியதும் போக வேண்டிய இடம் எழும்பூர். திருவல்லிக்கேணியிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர். வெயிலைக் காரணம் காட்டி வெளியே போக மறுப்பவர்களுக்கும் இதுவே பதில்: நண்பகலைக் கூரைக்கு அடியில் கழித்து, மாலையைத் திறந்தவெளிக்கு வைத்துக்கொண்டால் போதும். 1851-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தை வெளியூரிலிருந்து வந்தவர் ஒரு தனிக் கண்ணோடு பார்க்கலாம். அங்கே உள்ள சிறந்த பொருட்கள் பலவும் அவரைப் போலவே வெளியூரிலிருந்து வந்தவை. ஆதிச்சநல்லூரில் அலெக்ஸாண்டர் ரீ தோண்டி எடுத்தவை தாமிரபரணிக் கரையிலிருந்து வந்தன. அர்த்தநாரீசுவரர் திருவெண்காட்டிலிருந்தும், புகழ்பெற்ற நடராசர் திருவாலங்காட்டிலிருந்தும் வந்தார்கள். அமராவதியின் பௌத்தச் சிற்பங்களோ கிருஷ்ணை ஆற்றங்கரையிலிருந்து. சென்னையின் சொந்தக்காரராக 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் கண்டெடுத்த பழைய கற்காலக் கருவியைச் சொல்லலாம். ஸ்ரீவைகுண்டத்துப் பையன் தன் ஊரின் மூவாயிரம் ஆண்டுப் பழைமையை எழும்பூரில் வந்து பார்ப்பது விந்தையாகத் தோன்றும். ஆனால், ஊரில் இருக்கும்போது பக்கத்து ஆதிச்சநல்லூர்ப் பரம்பு அவனுக்குப் பேருந்து ஜன்னலில் ஓடி மறையும் செம்மண் மேடு. தூரம் வந்த பிறகுதான் அதைப் பார்க்கும் நேரமும் காரணமும் கிடைக்கின்றன.

அதே வளாகத்தில் கன்னிமரா நூலகம். 1896 டிசம்பரில் திறந்த இந்த நூலகத்துக்கு 1954-இன் நூல் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் வந்து சேர வேண்டும். கோவில்பட்டியிலோ கும்பகோணத்திலோ சிறு பதிப்பகம் ஒன்று போட்ட கவிதைத் தொகுதிக்கும் சட்டம் இங்கே ஓர் அலமாரி இடத்தை ஒதுக்கியிருக்கிறது. தனியாக வாழ்பவருக்கு நூலகம் தரும் முதல் வசதி புத்தகமே அல்ல. வெளிச்சம், நாற்காலி, மேசை, மின்விசிறி, குடிநீர், கழிவறை. மேன்ஷன் அறையில் மேசை போட இடமில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இதைப் புரிந்துகொண்டு, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதியே வைத்திருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்போர் அங்கே நாள் முழுதும் இருக்கிறார்கள். 2010-இல் திறந்த அந்த நூலகத்தை அடுத்த ஆண்டே குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அரசு அறிவித்தது. வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் நிலைத்தது. பொது இடம் என்பது கட்டி முடித்ததும் நிரந்தரமாகிவிடுவதில்லை. அதைப் பயன்படுத்துவோர் திரளாக இருந்தால்தான் அதற்குக் காவல் உண்டு. அந்த வகையில், விடுமுறை நாளில் நூலகம் போகிறவர் தன் இன்பத்தோடு ஊரின் உடைமையையும் காக்கிறார்.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. இடங்கள் இருக்கட்டும், உடன் வர யாருமில்லையே என்பார்கள். தனியாகச் சுற்றுவது தனிமையைக் கூட்டாதா? குடும்பமாக வந்து குதூகலிப்பவர்கள் நடுவில் ஒற்றையாக நிற்பது வலிக்காதா? வலிக்கும் இடங்கள் உண்டு. வணிக வளாகத்து உணவுக் கூடமும் கடற்கரை விடுதியும் அத்தகையவை. அங்கே எல்லாமே கூட்டாளியோடு வருபவரை வைத்துக் கணக்கிடப்பட்டிருக்கின்றன. இருவருக்கான அறை, நால்வருக்கான தட்டு. நூலகத்திலும் அருங்காட்சியகத்திலும் கணக்கு தலைகீழ். பேசாமல் இருப்பதே அங்கே ஒழுங்கு என்பதால் தனியாக வந்தவர் விதிவிலக்காகத் தெரிய மாட்டார். மார்கழிக் கச்சேரிக் காலத்தில் பல சபாக்களின் பிற்பகல் கச்சேரிகளுக்கு இலவச அனுமதி. அங்கே வரிசையின் நடுவில் எஞ்சும் ஒற்றை நாற்காலி தனியாளுக்கென்றே கிடைப்பது. திரையரங்கிலும் அப்படித்தான். இந்த இடங்களுக்கு அடிக்கடி போனால் இன்னொன்றும் நடக்கும்: நூலகக் காவலர் தலையசைப்பார், டீ மாஸ்டர் சர்க்கரை அளவை நினைவில் வைத்திருப்பார். அது நட்பு ஆகாது என்பது சரிதான். ஆனால், நகரத்தில் தன்னை அடையாளம் தெரிந்த முகங்கள் சில இருக்கின்றன என்ற தெம்பு நட்புக்கு முந்தைய படி; அது அறைக்குள் இருந்தால் வராது.

பிற்பகலில் கடற்காற்று இறங்கியதும் மெரினா. ஒரு காலத்தில் இங்கே இவ்வளவு மணல் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, வடக்கு நோக்கி நகரும் மணல் அவற்றின் தெற்கே தங்கத் தொடங்கியது. திருவல்லிக்கேணிக்கு அகன்ற மணல்வெளி கிடைத்தது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880-களில் உலாவுசாலை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். இன்று நுழைவுக்கட்டணம் இல்லாத, வந்த காரணத்தை யாரும் கேட்காத, இத்தனை பேர் ஒரே நேரத்தில் உட்காரக்கூடிய இடம் நகரில் வேறில்லை. சுண்டல், மிளகாய் பஜ்ஜி, பலூன் சுடுதல், குதிரை எல்லாம் உண்டு. எதையும் வாங்காமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் எழுப்பிவிட ஆளில்லை. வடக்கு முனையில் தேவிபிரசாத் ராய் சவுத்ரி வடித்து 1959-இல் திறந்த உழைப்பாளர் சிலையில் நான்கு பேர் பாறையை நெம்புகிறார்கள். ஆறு நாள் உழைத்தவர் ஏழாம் நாள் உட்காரும் மணலுக்கு எதிரே அது நிற்பது பொருத்தம். ஆனால், மணல் கிடைத்த கரையும் இழந்த கரையும் ஒரே நகரம்தான் என்பதையும் பயணி மறக்கக் கூடாது. வடசென்னைத் தொழிலாளிக்கு இந்தத் திண்ணை பக்கத்தில் இல்லை.

நியாயமான மறுப்புகளில் மிக வலுவானது பெண்களுடையது. இதுவரை சொன்ன நாள் ஓர் ஆணின் நாள். மேன்ஷன் என்பதே ஆண்களின் ஏற்பாடு. தேநீர்க் கடையில் தனியாக நிற்கும் பெண்ணை ஏறிட்டுப் பார்க்காத தெரு இன்னும் உருவாகவில்லை. இருட்டிய பிறகு மணலில் தனியாக அமர முடியாது. அதற்குள் விடுதிக் கதவும் மூடிவிடும். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் எழுந்த சிலைகளில் ஊர் ஊராகத் தனியே நடந்த ஔவையாரும் இருக்கிறார். அவர் காலடியில் ஒரு பெண் தனியாக அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பது இன்றும் துணிச்சலாகக் கருதப்படுகிறது. ஆனாலும், இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை. அதன் கோரிக்கையைக் கூர்மையாக்குகிறது. மின்ரயிலில் மகளிர் பெட்டி, 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம், அரசின் தோழி விடுதிகள் ஆகியவை வந்தபோது பெண்கள் வெளியே வரும் வழி அகன்றது. அருங்காட்சியகத்திலும் நூலகத்திலும் பகல் நேரத்தில் தனியாக இருக்கும் பெண்கள் ஏராளம். விளக்கு, கழிவறை, கூட்டம், கடைசி ரயில் ஆகிய நான்கும் சரியாக இருக்கும் இடங்களுக்குப் பெண்கள் வருகிறார்கள். ஆகவே தவறு தனியாகப் போகிறவளிடம் இல்லை. இடத்தின் ஏற்பாட்டில் இருக்கிறது.

ஊருக்குப் போய் வருவதுதானே உண்மையான விடுமுறை என்று கேட்பவர்களும் உண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அதை யாரும் மறுக்க முடியாது. வாரம் ஒரு நாள் மட்டும் ஓய்வு உள்ளவருக்கு அது கணக்கில் பொருந்தாது. கிளாம்பாக்கத்தில் ஏறி நெல்லை போய்த் திரும்ப இரண்டு இரவுகள் பேருந்தில் போகும். அம்மா கையால் ஒருவேளை சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். மறுநாள் வேலைக்கு வருபவர் விடுமுறைக்கு முன்பிருந்ததை விடக் களைத்திருப்பார். பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளில் இருப்போருக்கு இரண்டு நாள் ஓய்வு உண்டு. அவர்கள் பெருங்குடியிலும் துரைப்பாக்கத்திலும் பிஜி விடுதிகளில் வாழ்கிறார்கள். அவர்களுக்குச் சிக்கல் வேறு. வேளச்சேரியில் பறக்கும் ரயிலில் ஏறினால் திருமயிலை, கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி, சேப்பாக்கம், கடற்கரை என்று பழைய சென்னை முழுக்க நிலையங்களாக வரிசைப்படுகிறது. குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். இருந்தும் ஐந்து வருடம் சென்னையில் இருந்துவிட்டு மயிலாப்பூர் மாடவீதியைப் பார்க்காதவர்கள் அங்கே சாதாரணம். பணமோ போக்குவரத்தோ அவர்களைத் தடுக்கவில்லை. இந்த நகரம் வேலைக்கு மட்டும்தான், வாழ்வதற்குச் சொந்த ஊர் இருக்கிறது என்ற எண்ணமே தடுக்கிறது.

அந்த எண்ணத்துக்கு விலை உண்டு. இருபத்திரண்டு வயதில் வந்து முப்பதில் திருமணமாகும் வரை எட்டு வருடம் ஒருவர் 'தற்காலிகமாக' வாழ்ந்தால், இளமையின் பெரும்பகுதி காத்திருப்பிலேயே கரைந்துவிடும். நகரத்துக்கும் அது இழப்பு. தன்னுடையது என்று நினைக்காத நூலகம் மூடினால் அவர் கேட்க மாட்டார். கடற்கரையில் கழிவறை பூட்டிக் கிடந்தால் புகார் எழுத மாட்டார். வார்டு கவுன்சிலரின் பெயர் தெரியாது. வாக்காளர் பட்டியலில் பெயர் இன்னும் ஊரில் இருக்கும். மேன்ஷன்களும் பிஜிக்களும் நிறைந்த நகரத்தில் இப்படிப்பட்டவர்கள் சிறு கூட்டமாக இல்லை. ஆகவே அருங்காட்சியகங்கள் மாலையில் இன்னும் இரண்டு மணி நேரம் திறந்திருக்க வேண்டும். நூலகங்கள் பேட்டைக்குப் பேட்டை இரவு வரை இயங்க வேண்டும். வடசென்னைக் கரைக்கும் ஓர் உலாவுசாலை வேண்டும் என்று கேட்பது தனியாட்களின் ஆடம்பரக் கோரிக்கையாகாது. போராட்டத்தால் கிடைத்த வாரவிடுமுறைச் சட்டம் ஒருவருக்கு நேரத்தை மட்டுமே கொடுக்க முடியும். அந்த நேரத்தைச் செலவிட ஓர் இடத்தை நகரம் கொடுத்தாக வேண்டும். அங்கே போய் உட்கார்ந்து அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் வேலையோ விடுமுறைக்காரருடையது. மூன்றில் எது குறைந்தாலும் விடுமுறை, வேலை இல்லாத நாளாக மட்டுமே மிஞ்சும்.